குணசேகரன், பி.காம்.

"எல்லாம் சரியா இருக்கு சார். மென்டரோட டிகிரி சர்டிஃபிகேட் காப்பி மட்டும் ஒண்ணு அனுப்பிடுங்க" என்று போனில் ரேச்சல் மேடம் சொன்னபோது குணசேகரன் வாயில் டீ இருந்தது. அடுத்த நொடி அது சட்டையில் இருந்தது.

"யாரோடது மேடம்?"

"உங்களோடதுதான் சார். நீங்கதானே மென்டர்?"

ராயபுரத்தில் ஜெயக்கொடி ஷிப் ஸ்டோர்ஸ் என்றால் துறைமுகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. வந்து நிற்கிற கப்பல்களுக்கு வெங்காயம் முதல் வடக்கயிறு வரை ஏற்றி அனுப்புகிற கடை. குணசேகரன் அதற்கு மேனேஜர். அதிக ஆர்டர் தருகிற கப்பல் ஏஜென்சி இந்த வருஷம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. கல்லூரி மாணவர்களை இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கிற கடைக்குத்தான் இனிமேல் ஆர்டர்.

முதலாளி ராசையா உடனே திருவொற்றியூரில் ஒரு கல்லூரியைப் பிடித்தார். அங்கிருந்து வந்த பேராசிரியை ரேச்சல் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளை டீ வாங்க அனுப்பக் கூடாது. நாள் முழுக்க ஜெராக்ஸ் எடுக்கவிடக் கூடாது. எந்த வாரம் என்ன வேலை என்று முன்கூட்டியே திட்டம் வேண்டும். கையில் கொஞ்சம் உதவித்தொகை வேண்டும். கூடவே இருந்து சொல்லிக்கொடுக்க, மென்டராக ஒரு பட்டதாரி வேண்டும்.

"எங்க குணசேகரன் இருக்காம்லா! கடையிலேயே ஒரே பட்டதாரி!" என்று ராசையா மார்தட்டினார்.

குணசேகரன் பட்டதாரி இல்லை. அதாவது, முழுசாக இல்லை. பி.காமில் எல்லாப் பாடமும் பாஸ். ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டும் எத்தனை முறை எழுதியும் மனசு இரங்கவில்லை. வேலை கேட்டு வந்த அன்று ராசையா, "பி.காமா?" என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார். செய்த குற்றம் அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை ராசையா பெயர்ப்பலகையாகவே செய்து மேசைமேல் வைத்துவிட்டார்: 'குணசேகரன், பி.காம்.' அப்புறம் அது கல்யாணப் பத்திரிகையில் ஏறி, மாமனார் வீடு வரை போய்விட்டது. இப்போது போய் இறக்கு என்றால் எப்படி இறக்குவது?

அதிலும் ராசையாவிடம்!

"நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. தெக்கேயிருந்து ஒரு மஞ்சப்பையோட ரயிலேறி வந்தேன். இன்னைக்குப் பட்டதாரிக்குச் சம்பளம் குடுக்கேன்!" என்று வியாபாரிகள் சங்கத்தில் அவர் பேசிக் கைதட்டல் வாங்காத கூட்டமே கிடையாது. "வெங்காயம் வித்த மொத லாபத்துல எம் பொஞ்சாதிக்குச் செஞ்சு போட்ட கம்மலு, இன்னும் அவ காதுலதான் கெடக்கு" என்று முடிக்கும்போது அவருக்கே கண் கலங்கிவிடும். மனைவி ஜெயக்கொடி சங்கத்துப் பக்கம் வருகிறவர் இல்லை.

ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், "நீதான படிச்சவன், வாசி" என்று குணசேகரனிடம் தள்ளிவிடுவார். இவர் திக்கித் திணறி வாசித்து முடிப்பதற்குள் ராசையாவுக்குச் சிரிப்போ கோபமோ முந்திக்கொண்டு வந்துவிடும். எல்லாம் வியாபார மூளை என்று குணசேகரன் வியந்துகொள்வார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றார் ரேச்சல்.

"இருக்கேன் மேடம். அந்த சர்டிஃபிகேட்டு... புயல் மழையில வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு இல்ல, அதுல போயிடுச்சு மேடம்."

"அடடா! கவலையே படாதீங்க. எங்க அண்ணன் யுனிவர்சிட்டி ஆபீஸ்லதான் இருக்கார். டூப்ளிகேட் வாங்கிடலாம். ரெஜிஸ்டர் நம்பர் மட்டும் சொல்லுங்க."

தேடிச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தவருக்கு வேர்த்துக் கொட்டியது.

கடை வேன் ஓட்டுகிற டில்லிபாபு எட்டிப் பார்த்தான். குணசேகரனின் அரியர் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"இன்னா தலீவரே, மூஞ்சி பேஜாராகீது?"

விஷயத்தைக் கேட்டதும் டில்லிபாபு தொடையைத் தட்டினான். "இதுக்கா பயந்துகினு கீற? அந்தம்மாவ நம்ம குடோனுக்கு இட்டாந்து காட்டு. இந்தக் கலீஜப் பாத்தா அவங்களே பசங்கள அனுப்ப மாட்டாங்கோ. மேட்டர் ஓவர்!"

மறுநாள் குடோன் தயாரானது. கருவாட்டு மூட்டைகளின் வாயை அவிழ்த்தாயிற்று. அழுகின வெங்காயத்தை வாசலுக்கே கொண்டுவந்து கொட்டியாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. எலிகளுக்கு மட்டும் சொல்லியனுப்ப வேண்டியிருக்கவில்லை.

ரேச்சல் மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி உள்ளே வந்தார். ஒரு எலி அவர் செருப்பின்மேல் ஏறி இறங்கிப் போனது. குணசேகரனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"பாவம் மேடம் பசங்க. இங்க வந்து எப்படி..."

"சார்!" என்றார் ரேச்சல். குரல் தழுதழுத்தது. "இதைத்தான் சார் நான் தேடிட்டிருந்தேன். போன வருஷம் ஒரு கம்பெனியில எங்க பசங்களை ஏசி ரூம்ல உக்காரவச்சு, கம்பெனி வரலாறை வீடியோ போட்டுக் காட்டி அனுப்பிட்டாங்க. இதுதான் நிஜமான வேலை! ரெண்டு பேர்னு சொன்னேன் இல்ல? ஒரு கிளாஸையே அனுப்பறேன்!"

சேதி கேட்ட ராசையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏ குணசேகரா, தொடக்க விழாவே வச்சிருவோம். வீட்ல கேசரி கிண்டச் சொல்லுதேன்" என்றவர், அன்று சாயங்காலமே கடை வாசலில் பேனர் கட்டிவிட்டார். குணசேகரனின் படம், அதன் கீழே 'பட்டதாரி வழிகாட்டி' என்று எழுத்து. காசிமேட்டில் நின்று பார்த்தாலும் தெரியும்.

"டில்லி, உன் யோசனையில தீய வைக்க" என்றார் குணசேகரன்.

"டென்ஷன் ஆவாத தலீவரே. பழைய அரியருக்கு இப்ப ஸ்பெஷல் சான்ஸு உட்டுக்கிறாங்கோ. எங்க சித்தப்பா பையன் எழ்துறான். நீயும் எழ்தி பாஸ் பண்ணிட்டின்னா அப்பறம் எவன் கேப்பான்?"

குணசேகரன் ரேச்சலுக்கே போன் போட்டார். "மேடம், என் ஃப்ரெண்டு ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். ஸ்டாடிஸ்டிக்ஸ்ல மட்டும் ஒரு அரியர்."

"அந்தப் பேப்பரே இப்ப கிடையாது சார். புது சிலபஸ்ல அதை எடுத்துட்டாங்க."

குணசேகரனுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது. "அப்போ எக்ஸாமே வேணாமா?"

"வேணாம். அதுக்குப் பதிலா இன்டர்ன்ஷிப். ஏதாவது ஒரு கம்பெனியில ஒரு மாசம், பட்டதாரி மென்டர் ஒருத்தர் கீழ வேலை பார்த்தாப் போதும். உங்க ஃப்ரெண்டு எதுக்கு வெளிய அலையணும்? உங்ககிட்டயே சேர்த்துக்குங்க. நீங்கதான் மென்டராச்சே!"

போனை வைத்துவிட்டு குணசேகரன் யோசித்தார். டிகிரி வேண்டுமானால் இன்டர்ன்ஷிப் பண்ண வேண்டும். இன்டர்ன்ஷிப் பண்ண மென்டர் வேண்டும். மென்டராக டிகிரி வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"டில்லி, எனக்கு நானே மென்டரா இருக்க முடியுமாடா?"

"கண்ணாடி முன்னாடி குந்திக்கினு சொல்லிக் குடுத்துக்க."

விழா நாளும் வந்துவிட்டது. கடைக்குள் வெங்காய மூட்டைகளை ஓரங்கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெயக்கொடி பின்கட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். ராசையா மைக்கைப் பிடித்து எட்டாங்கிளாஸ், மஞ்சப்பை, கம்மல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாணவர்கள் கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை குணசேகரனிடம் கொடுத்தார்.

"சார், ரெஜிஸ்டர் நம்பர் இன்னும் வரலையே? இன்னைக்காவது குடுத்துடுங்க" என்று ரேச்சல் கிசுகிசுத்தார்.

முன்வரிசையில் மகிமா என்ற பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவலாக நிமிர்ந்து பார்த்தாள். "சார், உங்க பேருக்குப் பின்னாடி பி.காம் மட்டும் போட்டாப் போதுமா? வேற ஏதாவது இருக்கா?"

அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல குணசேகரனுக்கு வாய் வரவில்லை. முதல் நாளே பொய்யில் ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? அவமானத்தில் காது சுட்டது.

"அதுவே இல்லம்மா" என்றார். மைக்கில் அது நன்றாகவே கேட்டது. "மொதலாளி, நான் பட்டதாரி இல்ல. ஒரு அரியர் இன்னும் பாக்கி இருக்கு. அன்னிக்கு நீங்க கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன். அப்பறம் நிறுத்தவே முடியல."

ராசையா கத்துவார், பெயர்ப்பலகையைத் தூக்கி எறிவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ முகம் வெளுத்துத் தரையைப் பார்த்தார்.

"படிப்பு விசயத்துல பொய் சொல்லுதது... தப்புதான் குணசேகரா" என்றார். குரலில் வழக்கமான வேகமே இல்லை. மனுஷன் மனமுடைந்துபோனார் என்று குணசேகரன் நினைத்துக்கொண்டார்.

ரேச்சலுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "உங்க அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லலை சார். ஆனா ரூல் ரூல்தான். கடையில ஒரே ஒரு பட்டதாரி இருந்தாப் போதும். பசங்களும் இருக்கலாம், நீங்களும் அவர் கீழ இன்டர்ன்ஷிப் முடிச்சு டிகிரி வாங்கிடலாம். யாருமே இல்லையா?"

"நான் பத்தாவதே தாண்டல மேடம்" என்று டில்லிபாபு முந்திக்கொண்டு கையைத் தூக்கினான். மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராசையா திடீரென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

"அப்போ நாங்க கிளம்பறோம் சார்" என்றார் ரேச்சல். பிள்ளைகள் பைகளை எடுத்தார்கள். ஏஜென்சி ஆர்டரும் அவர்களோடு சேர்ந்து வாசலை நோக்கி நடப்பது குணசேகரன் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

கேசரித் தட்டோடு வந்து, நடந்ததையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடி, தட்டை ணங்கென்று மேசையில் வைத்தார்.

"ஏங்க, வாயத் தொறக்காம நிக்கியளே! எம்.ஏ.வுல நீங்க மொதலா வந்து வாங்குன தங்க மெடல உருக்கித்தானே இந்தக் கம்மலயே எனக்குச் செஞ்சு போட்டிய!"