சாவி இல்லாத பாதுகாப்பு

மும்பை மாட்டுங்காவில் எங்கள் சபையின் வரன் பதிவுப் பிரிவுக்குத் தரவுப் பாதுகாப்பு அவசியம் என்று பொதுக்குழு தீர்மானித்தது. ஆயிரத்துச் சொச்சம் ஜாதகங்களும் போன் நம்பர்களும் ஒரு பேரேட்டில், ரப்பர் பேண்டு போட்டு, முப்பது வருஷமாகப் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் ஊரே பாதுகாக்கிற காலத்தில் நாம் மட்டும் சும்மா இருக்க முடியுமா?

கம்ப்யூட்டர்காரர் அப்ரார் இரண்டு வழி சொன்னார். ஒன்று என்கிரிப்ஷன். விவரத்தைப் புரியாத எழுத்தாக்கிப் பூட்டி வைப்பது. சாவி போட்டால் பழையபடி படிக்கலாம். மற்றது ஹாஷிங். காப்பிக்கொட்டை மாதிரி அரைத்துவிடுவது, திரும்பக் கொட்டையாகாது. யாராவது அதே விவரத்தைக் கொண்டுவந்தால் அதையும் அரைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று மட்டும் பார்க்கலாம். "உங்களுக்கு முதலாவதுதான் சரி" என்றும் சொன்னார்.

சாவி யாரிடம் இருப்பது என்று தலைவரும் செயலாளரும் பொருளாளரும் மூன்று கூட்டம் சண்டை போட்டார்கள். நான்காவது கூட்டத்தில், சாவியே இல்லாத ஹாஷிங் ஒருமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். பேரேடு கிழித்துப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக் கடையில் போடப்பட்டது. அரைத்த பட்டியலை யாராலும் படிக்க முடியாது என்பதால், பெருமையோடு வெப்சைட்டிலும் போட்டோம்.

அடுத்த மாதம் வரன் சந்திப்பு. பாதுகாப்பை முன்னிட்டு வாசலிலேயே மொபைலை வாங்கி வைத்துக்கொண்டோம். சட்டையில் பெயரும் பதிவு எண்ணும் மட்டும்; ஒருவரை ஒருவர் போன் நம்பர் கேட்கக் கூடாது. பதினாலு வரன்களை வேண்டாம் என்ற மானசா, செம்பூர் நிகிலோடு பேசத் தொடங்கி போண்டாவை மறந்துவிட்டாள். பெண் வீட்டார்தான் முதலில் கூப்பிட வேண்டும், பதினைந்து நாளுக்குள், என்பது சபை வழக்கம்.

அவள் அப்பா சந்திரமௌலி மறுநாளே செயலாளர் ஜகந்நாதனிடம் வந்தார்.

"417 நிகில். நம்பர் கொடுங்கோ."

"நீங்க சொல்லுங்கோ. சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

"தெரிஞ்சா இங்கே எதுக்கு ஸார் வரேன்?"

"அதுதான் ஸார் பாதுகாப்பு!"

சந்திரமௌலி உட்கார்ந்து, தோன்றிய நம்பரையெல்லாம் சொன்னார். மத்தியானத்துக்குள் தொண்ணூறு ஆயிற்று.

"கிட்டத்தட்டவாவது வந்திருக்கேனா?"

"கிட்டத்தட்டங்கறது இதுலே கிடையாது. ஒரு இலக்கம் மாறினாலும் மொத்தமா மாறிடும்."

மறுநாள் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மானசாவே ஆபீசுக்கு லீவு போட்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், நாங்க பாஸ்வேர்டைத்தான் இப்படி ஹாஷ் பண்ணுவோம். அதை யாரும் படிக்க வேண்டாம், ஒத்துப் பார்த்தாப் போதும். போன் நம்பரைப் படிக்கணுமே! அதுவும் பத்தே இலக்கம். கம்ப்யூட்டர்லே எல்லா நம்பரையும் அரைச்சு ஒத்துப் பார்த்தா அரை மணியிலே கிடைச்சுடும். நானே பண்ணட்டுமா?"

"பண்ணினா அப்பாவோட மெம்பர்ஷிப் போயிடும். விதி பன்னிரண்டு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய விதிமுறைகளைப் பார்த்தார். மானசா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்கே சங்கடமாக இருந்தது. ஆனால் விதி விதிதானே.

பதினேழாம் நாள் சந்திரமௌலிக்கு ஒரு போன்.

"ஸார், வந்தனா போல் ரஹீ ஹூன். ஆப்கா பேட்டி மூலம் நட்சத்திரம் ஹை நா? பன்வேல் மே ஃபிளாட் ஹை."

ஃபிளாட் விற்கும் கம்பெனிக்காரி. உங்கள் பெண் மூலம் நட்சத்திரம்தானே என்று ஹிந்தியில் கேட்டவளிடம், இந்த விவரம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். எங்கள் வெப்சைட்டிலிருந்துதான். அவர்கள் ஆபீசில் அரைத்துப் பார்க்க இருபது நிமிஷம்தான் ஆனதாம். அங்கே விதி பன்னிரண்டு இல்லை. சந்திரமௌலி தயங்கித் தயங்கி 417-இன் நம்பரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டைப் பார்க்க வருவதானால் தருகிறேன் என்றாள். சரியென்றார். உடனே தந்தாள்.

நிகிலின் அம்மா ராஜலக்ஷ்மிதான் எடுத்தார்.

"பதினஞ்சு நாள் காத்திருந்தோமே! உங்களுக்கு இஷ்டமில்லேன்னு நெனச்சுட்டோம். நேத்துதான் விக்ரோலிப் பொண்ணை நிச்சயம் பண்ணினோம். அவா கரெக்டா கூப்பிட்டா. ஏதோ பன்வேல் ஃபிளாட் கம்பெனிலே நம்பர் வாங்கினாளாம்."

ஞாயிற்றுக்கிழமை பன்வேல் பஸ்ஸில் உட்கார இடமில்லை. முழுக்க எங்கள் சபை உறுப்பினர்கள். முன் சீட்டில் ஜகந்நாதன், தன் மருமகளாக வரவேண்டியவளின் நம்பருக்காக. அன்றே பஸ்ஸில் அவசரக் கூட்டம் கூட்டி, உறுப்பினர் விவரங்களைச் சிறப்பாகப் பராமரிக்கும் கம்பெனிக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றினோம். மானசா வரவில்லை. சந்திரமௌலி எல்லோருக்கும் முன்னால் கை தூக்கினார்.

அடுத்த நாள் நானும் என் பையனின் ஜாதகத்தை, போட்டோவோடு, நேராக வந்தனாவுக்கே அனுப்பிவிட்டேன்.