ஐந்து கோலுக்கு ஆறு ஏன்

எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். உப்பு பாவம், அது என்ன செய்தது? எங்கள் கம்பெனி ஃபுட்பால் அணி ஆடுவதைப் பார்க்காதே என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ஓசூரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பந்தைக் காலால் தொட்டது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதில் இந்தத் தொழிற்பேட்டையில் எனக்கு இணையே கிடையாது. அந்தத் தகுதியை வைத்து அணிக்குப் பொறுப்பாளர் என்று என்னை நானே நியமித்துக்கொண்டேன். (யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாருக்கும் அந்த வேலை வேண்டியிருக்கவில்லை.)

எங்களுக்கும் ஒரு காலத்தில் டிஃபென்ஸ் என்று ஒன்று இருந்தது. லெஃப்ட் பேக் ஜெரின். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து எங்கள் பிரிவுக்கு டிரெய்னியாக வந்தவன், ஒல்லிப் பையன். அவன் இடப்பக்கம் நின்றால் பந்தோ ஆளோ, ஏதாவது ஒன்றுதான் தாண்டும். ஆனால் இங்கே டிரெய்னிகளுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்தால் சிலருக்கு நீட்டிப்பார்கள், மற்றவர்களுக்கு டீயும் சமோசாவும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் வேறு நிறச் சட்டையில் எதிர்க் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவான். எங்கள் நடு டிஃபென்டர் சூளகிரிப் பக்கம் புதுத் தொழிற்சாலைக்குப் போனான். ரைட் பேக் பெங்களூரில் சாப்பாடு டெலிவரி செய்யப் போய்விட்டான். கடைசியாக ஜெரினும் போனான். சாலைக்கு எதிர்ப்புறத்துக் கம்பெனிக்கு!

அவன் இடத்துக்கு ஸ்டோர்ஸ் மோகன் வந்தார். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துப் பழகிய மனிதர். மைதானத்திலும் அதே தாராளம். கோல்கீப்பர் முனிராஜ் கர்நாடக எல்லையோரத் தளிக்காரர். எங்களைத் தமிழிலும் ரெஃப்ரியைக் கன்னடத்திலும் தன் தலைவிதியைத் தெலுங்கிலும் திட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மொழிக்கும் ஓயாத வேலை. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் ஐந்து கோல் வாங்கினோம். ஐந்தும் இடப்பக்கமாக வந்தவை. பதிலுக்கு நாங்கள் எதிர்த் தரப்புக்குக் கொடுத்த ஒரே தொந்தரவு, அவர்களுடைய தண்ணீர்க் கேனைத் தவறுதலாக எடுத்துக் குடித்தது.

திங்கட்கிழமை காலை ஆத்திரம் தாங்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் கஸ்டமரிடமிருந்து புகார் வந்தால் 'ஒய்-ஒய்' என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏன் பழுதானது, அது ஏன், அது ஏன் என்று ஐந்து முறை தோண்டினால் மூல காரணம் வந்துவிடும் என்பது நம்பிக்கை. நானும் தோண்டினேன். ஏன் ஐந்து கோல்? இடப்பக்கம் திறந்து கிடந்தது. ஏன் திறந்து கிடந்தது? மோகன் பந்தைப் பார்க்கிறார், ஆளைப் பார்ப்பதில்லை. ஏன் மோகன்? ஜெரின் இல்லை. ஏன் இல்லை? ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஏன் நீட்டிக்கவில்லை? அந்தக் கட்டத்தில் தடித்த எழுத்தில் அடித்தேன்: 'மேனேஜரின் அலட்சியம்'.

கேன்டீன் பலகையில் ஒட்டலாம் என்று இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டவும் செய்தேன். (மேனேஜர் வீட்டுச் சாப்பாட்டுக்காரர், கேன்டீன் பக்கம் வரமாட்டார்.) இன்னொன்று பிரிண்டரில் மற்ற புகார்ப் படிவங்களோடு கிடந்தது. அந்தப் படிவத்தைப் பார்த்தால் துளை போட்டு ஃபைலில் கோப்பது என் கைக்கு ஊறிய பழக்கம். கோத்துவிட்டேன்.

புதன்கிழமை கஸ்டமர் ஆடிட். பாகங்களை வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்து எங்கள் ஃபைல்களைச் சோதிக்கும் நாள். "இது மட்டும் நல்லபடியா முடியட்டும்ப்பா, உன்னைய சீனியர் ஆக்கிடறேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக நான் காத்திருந்த பதவி. வீட்டில் மனைவி கவிதாவிடம் கிட்டத்தட்ட ஆகிவிட்டதாகவே சொல்லி வைத்திருந்தேன்.

ஆடிட்டர் பெங்களூர்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது என்னா சார், லெஃப்ட் பேக்? புது பார்ட்டா?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். தருமபுரிக்காரர், எளிதில் கோபப்படாதவர். அன்றும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உதறலாக இருந்தது.

"என்னப்பா இது? கம்ப்ளெய்ன்ட் ஃபைல்ல மோகன் எதுக்குப்பா உக்காந்திருக்கான்?"

"சார், அது... தவறுதலா..."

அவர் கடைசிக் கட்டம்வரை படித்தார். தன் அலட்சியத்தைப் படித்தார். ஃபைலிலிருந்து தாளை உருவப் போனேன். ஆடிட்டர் அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

"ஃபைல்ல இருந்தா அது ரெக்கார்டு. அஞ்சாவது ஒய்க்கு ஆதாரம் எங்க? காட்டுங்க."

சிரிக்கிறாரா, கண்டிப்பாகக் கேட்கிறாரா என்றே தெரியவில்லை. மேனேஜர் பணியாளர் பிரிவுக்கு ஃபோன் செய்து ஜெரினின் ஃபைலை வரவழைத்தார். அந்த ஐந்து நிமிடமும் நான் உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். வரட்டும், உண்மை வெளியே வரட்டும், ஒரு நல்ல லெஃப்ட் பேக்கை அனுப்பியவர் யார் என்று ஊருக்கே தெரியட்டும்!

ஃபைல் வந்தது. உள்ளே ஒரே ஒரு மதிப்பீட்டுத் தாள். 'சனிக்கிழமைகளில் வேலை நேரத்தில் வெளியே செல்கிறார். நீட்டிக்கப் பரிந்துரை இல்லை.' கீழே கையெழுத்து.

என்னுடையது.

ஒப்பந்தங்கள் முடியும் சமயத்தில் முப்பது டிரெய்னிகளின் தாள்களை ஒரே மூச்சில் நிரப்பியிருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஆளின் முகம்கூட நினைவில்லாமல், கண்ணில் பட்டதை எழுதித் தள்ளினேன். சனிக்கிழமை மதியம் அவன் எங்கே போனான்? பிராக்டிஸுக்கு. யார் அனுப்பியது? "நீ போடா, இங்க நான் பாத்துக்கிறேன்" என்று தோளைத் தட்டி நான்தான் அனுப்பினேன். பார்த்துக்கொண்ட லட்சணம் அதுதான். பதவி போய்விட்டதே என்பதுகூட அப்போது தோன்றவில்லை. என்னை நம்பிப் போன பையனை நானே வெளியே தள்ளியிருக்கிறேன் என்பது மட்டும்தான் தோன்றியது.

ஆடிட்டர் பேனாவை எடுத்து என் படிவத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, என் பெயரை எழுதினார்.

ஆடிட்டில் தேறினோம், அந்த ஒரு பாயின்ட்டைத் தவிர. சரிசெய்யும் நடவடிக்கை என்ன என்ற கட்டத்தை மேனேஜரே நிரப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். "லெஃப்ட் சைடுல நீயே நில்லுப்பா." சீனியர் பதவிப் பேச்சு அதோடு நின்றது; அது மோகனுக்குப் போயிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

நான் இறங்கிய முதல் ஆட்டமே ஜெரினின் புதுக் கம்பெனியோடு. கவிதா செல்ஃபோனோடு வந்திருந்தாள். அந்த வீடியோவில் ஒரு சட்டை மட்டும் எப்போதும் பந்துக்கு எதிர்த் திசையில் ஓடும். அதற்குள் இருப்பது நான். ஏழு கோல். முனிராஜ் திட்டுவதையே நிறுத்திவிட்டார்.

ஆறாவது கோலுக்குப் பிறகு தரையில் கிடந்த என்னை ஜெரின் கைகொடுத்துத் தூக்கினான்.

"எண்ணே, நீங்க என்னத்துக்கு இங்க நிக்கீங்க? வெயிலு வேற."

"ஜெரின், உன் ஃபார்ம்ல அப்படி எழுதுனது நான்தான்டா" என்றேன். மூச்சு வாங்கியது.

"தெரியும்ணே. அன்னைக்கே காட்டித்தான அனுப்புனாங்க. தண்ணி குடிக்கீங்களா?"

தெரியுமாம்! அதற்குப் பிறகும் தினமும் டீக்கடையில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அவன் அங்கே நிரந்தரப் பணியாளன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வீட்டுக்கு வருவான். கவிதா விருந்தாளிகளிடம், "இது ஜெரின். இவரு வேலைய விட்டுத் தூக்குன தம்பி" என்று அறிமுகம் செய்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு கேக்கை வெட்டிக்கொண்டே, தவறாமல் கேட்பான்.

"இப்ப உங்க டீம்ல லெஃப்ட் பேக் யாருண்ணே?"

"நான்தான்டா."