பெர்மிட் அண்ணையின் ஏழரை அங்குலக் கார்

வெள்ளவத்தையில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரிலும் தன் காரை மிக ஒழுங்காக வைத்திருந்தவர் பெர்மிட் அண்ணைதான். அதில் ஒரு கீறல் கிடையாது. ஒரு நாளும் பொலிஸ் மறித்ததில்லை. நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அவர் வரிசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. காரின் நீளம் ஏழரை அங்குலம். ஏழரை என்றாலே எனக்கு ஆகாது என்று சாத்திரி சொன்னதை அந்தக் கார் வந்த பிறகுதான் நான் நம்பினேன்.

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் தொடர்மாடியில் பலருக்குத் தெரியாது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் காலமெல்லாம் கோப்புத் தள்ளி, படிப்படியாக ஏறி, குறைந்த தீர்வையில் கார் இறக்கும் பெர்மிட் கிடைக்கும் படிக்கு ஒருவாறு வந்து சேர்ந்தார். பெர்மிட்டும் கைக்கு வந்தது. தொடர்மாடி முழுவதும் வீடு வீடாகச் சொக்கலேட் கொடுத்தார். அடுத்த கிழமையே வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். சொக்கலேட் வாங்கிய அதே ஆட்கள் வரிசையாக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் மனம் ஆறட்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். அவர் இறக்க நினைத்திருந்த அதே ஜப்பான் கார், ஒன்றுக்கு இருபத்துநாலு அளவில், உதிரி உதிரியாக. ஒட்டிப் பூட்டி, பெயின்ட் அடித்து நாமே செய்ய வேண்டியது. பார்க்கப் போன என்னை அவர் முறைத்துப் பார்த்தார். ஆண்கள் எல்லோரும் அவருக்கு 'ஐசே'தான்.

"விளையாட்டுச் சாமான் எண்டு நினைக்காதையும் ஐசே. இது வாகனம். இறக்குமதி செய்தாச்சு. ஒருத்தரும் மறிக்கேல்லை."

பெட்டியைத் திறந்ததும் முதல் சிக்கல் வந்தது. கனடாக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். வீட்டு அலுமாரியில் வைக்கப்போகும் காருக்கு எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"இடப்பக்க ஸ்டியரிங்கோட இலங்கையில ஓடேலாது ஐசே. பொலிஸ் பிடிக்கும்."

டேஷ்போர்டை மூன்றாக அறுத்து, திருப்பி வைத்து, இடைவெளியைப் பசையால் நிரப்பி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, ஸ்டியரிங்கை வலது பக்கம் கொண்டுவர அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. எங்கள் தொடர்மாடிக்குக் கீழே கடற்கரை ரயில் பாதை. ரயில் வந்தால் மேசை நடுங்கும். அதனால் அவருடைய வீட்டில் எந்த வேலையும் இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் நடந்தது. முன்கண்ணாடி ஒட்டிய அன்று, கதவைத் தட்டிய என்னை உள்ளே விடாமல் "அளுத்கமை ரயில் போகட்டும்" என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தார். உப்புக்காற்று வீசும் நாளில் பெயின்ட் அடிப்பதில்லை. ஈரம் பட்டால் மினுக்கம் போய்விடுமாம்.

இதையெல்லாம் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் கைப்பணிப் பாடத்தில் நான் செய்த பூச்சாடியைப் பார்த்து, ஆமைதானே என்று ஆசிரியர் கேட்டதை மறந்துவிட்டேன். ஒரு சின்ன வேலை தாருங்கள் என்று கேட்க, வலது பக்க சைட் மிரரை ஒட்டச் சொன்னார். நானும் ஒட்டினேன். என் ஆள்காட்டி விரலில்.

அடுத்த நாள் கந்தோரில் விரல் நுனியில் ஒரு சைட் மிரரோடு வேலை செய்தேன். பக்கத்து மேசைக்காரி அதைப் பார்த்து, மோதிரமா என்று கேட்டாள். பகல் முழுவதும் பெர்மிட் அண்ணை போன் எடுத்தபடியே இருந்தார். என் விரலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "மிரர் பத்திரம் ஐசே, கை கழுவிப்போடாதையும்" என்பதே திரும்பத் திரும்ப. சாயங்காலம் சாவணத்தால் மெதுவாகக் கழற்றி எடுத்துக் காரில் ஒட்டினார். அது கடைசிவரை கொஞ்சம் கோணலாகவே இருந்தது. அதற்குப் பிறகு காரைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

கார் முடிந்தபோது குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேல் மாகாண நம்பர் பிளேட், முன்கண்ணாடி மூலையில் வருட வரிக்கான ரெவனியூ லைசென்ஸ். டேஷ்போர்டில் அரிசியளவில் ஒரு பிள்ளையார், பக்கத்தில் அதே அளவில் ஒரு மாதா. மாதா அவருடைய மனைவிக்காக. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். இவர் சுழிபுரத்துச் சைவம். எல்லாவற்றிலும் பெரிய நுட்பம் சீட்டுகளில் இருந்தது. புதுக் கார் என்பதால் சீட்டுகளின் பொலித்தீன் உறையைக் கழற்றாமல் விட்டிருந்தார். சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட்டை வெட்டிச் செய்த உறை.

பிறகு காரைப் பிள்ளையார் கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனார். துணைக்கு நானும் போனேன். ஐயர் பழக்க தோஷத்தில் நாலு தேசிக்காயை எடுத்து ரயர்களுக்குக் கீழே வைக்கப் பார்த்தார். ஒவ்வொன்றும் ரயரைவிடப் பெரிது.

"அது சரிவராது ஐயா," என்று பெர்மிட் அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "தேசிக்காயை இருபத்துநாலால பிரிச்சா, கடுகு."

நாலு ரயருக்கும் நாலு கடுகு. காரைத் தள்ளினார். மூன்று நசிந்தன, ஒன்று தெறித்துப் போய்விட்டது. அது நசியாமல் காரை எடுப்பது நல்லதில்லை என்று அவர் சொல்ல, ஐயரும் நானும் கோயில் தரையில் முழங்காலில் நின்று கடுகு தேடினோம். சாமி கும்பிட வந்தவர்கள், எங்களுக்கு ஏதோ பெரிய நேர்த்திக்கடன் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

இதுவரை எல்லாம் எனக்கும் வேடிக்கைதான். வினை, நான் ஒரு பழைய கார் வாங்கியபோது தொடங்கியது.

எங்கள் தொடர்மாடியில் வீடுகளைவிடத் தரிப்பிடங்கள் குறைவு. எனக்கு இடம் இல்லை. கந்தோரால் வந்து ஒழுங்கை ஒழுங்கையாக இடம் தேடி, கடைசியில் காரை எங்கேயோ விட்டுவிட்டு, அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டோ பிடித்து வந்த நாட்கள் உண்டு. காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளவத்தைக் காகங்கள் எல்லாம் என் காரில்தான் காலைக்கடன் முடித்திருக்கும். "கார் வாங்கினது நீங்கள், நடக்கிறது நான்" என்று மனைவி சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பெர்மிட் அண்ணைக்கோ வீட்டோடு சேர்த்து வாங்கிய தரிப்பிடம் ஒன்று, வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. நான் அப்போது தொடர்மாடிக் கொமிட்டியின் செயலாளர். வேறு ஒருவரும் சம்மதிக்காததால் கிடைத்த பதவி. அந்தப் பதவியின் முழு வீரத்தையும் திரட்டி, "வாகனம் இல்லாதவர்களின் தரிப்பிடம் தேவையுள்ளவருக்கு வழங்கப்படும்" என்று ஒரு அறிவித்தல் எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். தேவையுள்ளவர் யார் என்பதை அடக்கமாக எழுதாமல் விட்டேன்.

மறுநாள் காலை கீழே போனால், அந்தத் தரிப்பிடத்தின் நட்டநடுவில், இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவே, வெளியே பார்த்தபடி ஏழரை அங்குலக் கார் நின்றது. பின்சக்கரத்துக்குச் சல்லிக்கல் கூட வைத்திருந்தார்கள். காவலாளி சோமபால கதிரையைப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தான்.

"மாத்தயா, கிட்ட வர வேணாம்," என்றான் எனக்கு, பாதிச் சிங்களத்தில். "பெரிய மாத்தயாட கார் எக. சுரண்டும்."

நான் விடவில்லை. அறிவித்தலில் "ஓடக்கூடிய" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஓடக்கூடிய வாகனம். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவரும் மகளிடம் சொல்லி ஒரு சின்ன மோட்டரும் ரிமோட்டும் எடுப்பித்து, கொஞ்ச நாளில் காரின் வயிற்றுக்குள் வைத்துவிட்டார்.

பிரச்சினை கொமிட்டிக் கூட்டத்துக்கு வந்தது. கீழே தரிப்பிடத்தில் கதிரைகள் போட்டுக் கூட்டம். தலைவரான மூன்றாம் மாடி டொக்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் காலடியில் வைத்துவிட்டு, "சரி, ஓடுதோ பாப்பம்" என்றார். கார் தூணடியில் இருந்து புறப்பட்டு, என் செருப்பைச் சுற்றி, சிக்னல் போட்டுத் திரும்பி, நேரே தலைவரின் கோப்பைக்கு முன்னால் போய் நின்றது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார் தலைவர்.

எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். எரிச்சலில் நான் எழும்பி, வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கார் இருக்கு, சரி. கார் ஓடுற லைசென்ஸ் இருக்கோ அண்ணை உங்களிட்ட?"

பெர்மிட் அண்ணை ரிமோட்டைப் பார்த்தபடி நின்றார். அக்காதான் வாய் திறந்தார்.

"இவருக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது தம்பி."

"கார் வந்த பிறகு பழகுவம் எண்டு இருந்தனான்," என்றார் அவர். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு எனக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னார். "முழங்கால் நோவோட இவ ஞாயிற்றுக்கிழமையில ரெண்டு பஸ் ஏறி இறங்கித்தான் கொட்டாஞ்சேனைக்குப் பூசைக்குப் போறவ. பெர்மிட் வரட்டும், காரில கூட்டிக்கொண்டு போறன் எண்டு கலியாணம் கட்டின நாளில இருந்து சொல்லிக்கொண்டு வாறன். இந்த இடத்தையும் விட்டுக்குடுத்தா, இனிக் கார் வராது எண்டு நானே அவவுக்குச் சொன்ன மாதிரிப் போயிடும் ஐசே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. அதையும் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் நெளிய, அக்காவே பிரச்சினையை முடித்துவைத்தார்.

"இவருக்கு இடம் இருக்கு, லைசென்ஸ் இல்ல. தம்பிக்கு லைசென்ஸ் இருக்கு, இடம் இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு மனுசன் வருவான்தானே."

அப்படித்தான் தீர்மானமானது. தரிப்பிடத்தின் இடது மூலையில் அவருடைய கார். வலது சுவரோடு ஒட்டி என்னுடையது. ஞாயிறு காலைகளில் நான் அவர்களைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அக்கா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி இருப்பார். பெர்மிட் அண்ணை பின்சீட்டில். இருப்பது என்று சொல்ல முடியாது; இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு தொங்குவார். கார் ஓடத் தெரியாத மனிதர், புறக்கோட்டை நெரிசலில் எனக்குக் கார் ஓடச் சொல்லித் தந்தார். "சிக்னலப் போடும்." "அந்த லொறிக்காரன நம்பாதையும்." "மிரரப் பாரும், மிரர ஒட்டத்தான் தெரியாது, பாக்கவாவது பாரும்." அக்கா பூசை முடிந்து வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் தேவாலய வாசலில் நின்று, போகிற வருகிற கார்களில் எதை எப்படி ஒன்றுக்கு இருபத்துநாலில் செய்யலாம் என்று கதைத்துக்கொண்டு நிற்போம்.

பிறகு இறக்குமதியைத் திறந்தார்கள். அதற்குள் பெர்மிட் காலாவதியாகிவிட்டது. கார் விலையோ எட்டாத உயரத்தில். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு காட்சியறைக்குப் போய், அவர் இறக்க நினைத்த காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். கதவில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"எங்கட வண்டியில பெயின்ட் இதைவிட நல்லம்," என்றார். அதற்குப் பிறகு அவர் பெர்மிட் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சிக்னலுக்கும் என்னை ஏசவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

போன வருடம் மகள் இரண்டு பேரையும் கனடாவுக்கே கூப்பிட்டுவிட்டாள். பெட்டி கட்டும்போது, காரைக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டேன்.

"அங்க என்னெண்டு ஐசே ஓடுறது? ஸ்டியரிங் வலப்பக்கம். பொலிஸ் பிடிக்கும்."

விமான நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். இறங்கும்போது அக்கா என் தலையில் கை வைத்துச் செபித்தார். பெர்மிட் அண்ணை "ஹேண்ட் பிரேக்கப் போடும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். இப்போது ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, கார் எப்படி என்று கேட்கிறார். எந்தக் கார் என்று நான் கேட்பதில்லை.

அவர்கள் போன மறுநாள், தூசி துடைக்கலாம் என்று அவருடைய காரைக் கையில் எடுத்தேன். விரலில் ஒட்டிய காலத்துக்குப் பிறகு அன்றுதான் அதைத் தொடுகிறேன். கோணல் மிரருக்குப் பக்கத்துக் கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தபோது உள்ளே ஆட்கள் தெரிந்தார்கள். போவதற்கு முன் கடைசி நாட்களில் செய்து வைத்திருக்கிறார். இடது முன்சீட்டில் நீலச் சேலையோடு ஒரு பெண், மடியில் கைப்பை. பின்சீட்டிலிருந்து நடுவே தலையை நீட்டி விரலால் எதையோ காட்டும் ஒரு மெலிந்த மனிதர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னொருவர். அவரை அடையாளம் காண எனக்கு நேரம் எடுக்கவில்லை. வழுக்கை அச்சொட்டாக அதேதான். வயிறு அந்த அளவிலும் ஸ்டியரிங்கில் முட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சோமபால பார்க்காத பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது தரிப்பிடம் முழுவதும் என்னுடையது. ஆனாலும் இன்றுவரை என் காரை வலது சுவரோடு ஒட்டித்தான் விடுகிறேன். என் பக்கக் கதவு திறக்காது. வயிற்றை எக்கிக்கொண்டு, கியரைத் தாண்டி ஊர்ந்து, மற்றப் பக்கக் கதவால் பக்குவமாக இறங்குகிறேன். மூலையில் நிற்கும் அவருடைய காரை நகர்த்த எனக்கு மனம் வரவில்லை.