அபிராமபுரம் வீட்டைப் பார்க்க வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போனது பற்றி

ஆதம்பாக்கம்,
கார்த்திகை 10

மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு மாமா ராஜரத்தினம் எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் அத்தை ஸ்வர்ணலதா முழங்கால் நீங்கலாக நலம். அங்கு உங்கள் நலமும், தீபிகாவின் நலமும், புதிதாக வாங்கிய வாஷிங் மெஷினின் நலமும் அறிய ஆவல்.

அபிராமபுரம் வீடு ஏன் இன்னும் விற்கவில்லை என்று போனில் கேட்டீர்கள். போனில் சொன்னால் "சுருக்கமா சொல்லுங்க மாமா" என்பீர்கள். ஆகவே கடிதம்.

விற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நாங்கள் இருக்கும் இந்தச் சொந்த ஃபிளாட் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, ஐம்பத்துநான்கு படி. அத்தை கடைசியாகக் கீழே இறங்கியது ஆடிப்பெருக்கு அன்று. கீரைக்காரம்மாவோடு அவளுக்கு உறவே இப்போது கயிறு கட்டிய கூடை வழியாகத்தான். அபிராமபுரத்தை விற்று, தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கி, அத்தையை மறுபடி தெருவில் நடக்கவைக்க வேண்டும் என்ற உங்கள் யோசனை பொன்னான யோசனை.

சிக்கல், அங்கே குடியிருக்கும் வெள்ளைத்துரை குடும்பம். கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஐப்பசியிலேயே விற்றிருப்பேன். அவருக்கு தி.நகரில் பாத்திரக்கடை. மனைவி தேவானை கோவில்பட்டிப் பக்கம். வாசல்படி மிதித்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று வளர்ந்தவள். "வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள், கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் அம்மா" என்று நான்தான் சொன்னேன். ஒத்துழைத்தாள்.

முதலில் வந்தவர் ஒரு வங்கி அதிகாரி, மனைவியோடு. ஹாலைப் பார்த்தார்கள், படுக்கையறையைப் பார்த்தார்கள், அடுப்படியைப் பார்த்தபோது தேவானை கூட்டாஞ்சோறு இறக்கிக்கொண்டிருந்தாள். "இம்புட்டு தூரம் வந்துட்டு ஒரு வாய் சாப்பிடாம போறதா?" என்றாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். கேட்டருகே வந்து அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு பிரமாதம் சார். ஆனா அவங்க கையால சாப்பிட்டுட்டு, அவங்களையே காலி பண்ணுங்கன்னு எந்த வாயால சொல்றது?" அடுத்து வந்த ஜோடி அவ்வளவு நல்லவர்களாகத் தெரியவில்லை, எனக்கு நம்பிக்கை பிறந்தது. உளுந்தங்களியில் அதுவும் போயிற்று. இப்போது அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார்கள். வீடு பார்க்க அல்ல.

புரோக்கர் வடிவேலு தலையில் கை வைத்துவிட்டார். "இன்னா சார் இது! வூடு காட்ட ஆளை இட்டாந்தா, இவங்க பந்தி போட்டுக்கினு கீறாங்க! நான் புரோக்கரா, மெஸ்ஸுக்கு ஆள் பிடிக்கிறவனா?" பிறகு அவரே மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தார். வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவரோ முன்னெச்சரிக்கையாகக் காரைவிட்டே இறங்கவில்லை. "வெளிலேர்ந்தே பார்த்துக்கறேன், அதான் அடுக்களை ஜன்னல் தெரியறதே" என்றார். தெரிந்த ஜன்னல் வழியாகவே ஒரு சொம்பு மோர் நீண்டது. வெயில் வேளை. குடித்துவிட்டார். குடித்த பிறகுதான் கேட்டார், "இதுல உப்பு போட்டிருக்கோ?" போட்டிருந்தது. "போச்சு போ! உப்பைத் தின்னாச்சே, இனிமே நான் எப்படி ஓய் அவாளை வெளில போகச் சொல்வேன்?" கார் அப்படியே திரும்பிவிட்டது.

வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் ஒரு கணக்கு போடுவேன். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும்? வடிவேலு முதல் குழாய், தேவானை இரண்டாவது. என்றைக்கும் நிரம்பாது. எனவே இரண்டாவது குழாயை அடைக்க முடிவுசெய்துவிட்டேன். அடுத்த ஞாயிறு உங்கள் அலுவலக நண்பர் வரும்போது அடுப்பே எரியக் கூடாது என்று இன்று மாலை நேரில் போய்க் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். நண்பரையும் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இந்த முறை விற்றே தீரும்.

நீங்களும் தீபிகாவும் எல்லா நலமும் பெற்று, படி ஏறாமல் நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

அன்புள்ள மாமா,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அபிராமபுரம் போய்வந்துவிட்டேன். கண்டிப்பாகப் பேச வாயைத் திறந்தேன்; தோசை வந்தது. இரண்டாவது தோசையின்போது அத்தையின் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். மாவுக் கரண்டியோடு தேவானை அப்படியே நின்றாள். "அய்யா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய. அம்மாவுக்கு வேண்டியது கீழ்வீடுதானே? அப்ப இது என்ன, மொட்டை மாடியா? நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. நாங்க உங்க மாடிக்கு வாடகைக்குப் போயிடுதோம். பரங்கிமலையில ரயிலேறுனா அவுகளுக்கு மூணாவது ஸ்டேஷன்ல கடை. எனக்கு காலு நல்லாத்தான இருக்கு?" முப்பத்துநான்கு வருஷம் "கேள்வியை முழுசா படிடா" என்று பிள்ளைகள் காதைத் திருகியவன், கையில் தோசையோடு உட்கார்ந்திருந்தேன் மாப்பிள்ளை. உங்களுக்கும் தோன்றவில்லை என்பது ஒரு சிறு ஆறுதல். தை பிறந்ததும் மாறுகிறோம். வீடு விற்பனைக்கு இல்லை. உங்கள் நண்பரை வரவேண்டாம் என்று சொல்லிவிட நினைத்தேன். தேவானை ஒத்துக்கொள்ளவில்லை. சுசியத்துக்குக் கருப்பட்டி வாங்கியாகிவிட்டதாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லவும்.