இரும்புக் கதவைத் திறக்காமல் ‘சுபம்’ போட்டது பற்றி

திண்டுக்கல்,
20-10-1964

கனம் பொருந்திய பத்திரிகை ஆசிரியர் அய்யா அவர்கள் சமுகத்துக்கு, பூட்டுப் பட்டறை கஸ்பார் மனைவி அன்னாள் பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் வீட்டாரும் படம் போடுகிறவரும் சர்வேசுரன் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் சுகம். என் வீட்டுக்காரர் ஆவணி மாதம் இறந்துவிட்டார். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

விஷயம் என்னவென்றால், வால்நட்சத்திரம் விழுந்து உலகம் எரிந்த பிறகு நடக்கிற தங்கள் படக்கதையை முதல் வாரத்திலிருந்து படித்தவள் நான். மூன்றாம் வகுப்புத்தான், எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவருக்கு அதுவும் வராது என்பதால் அவர் அரம் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ரெட்டைத்தலைப் பருந்து துரத்தும்போது நான் தடுமாறினால், “செத்த வேகமா வாசி அன்னாளு, நீ எழுத்தைக் கூட்டுறதுக்குள்ள அது அவனைக் கொத்திப்புடும்” என்பார். மிஞ்சின ஏழு பேரும் மலைக்குள் இருக்கிற இரும்புக் கதவுக்கு வந்து சேர்ந்த வாரம் அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படத்தையே பார்த்தார். “இம்புட்டுப் பெரிய பூட்டுப் போட்டிருக்கான்னா உள்ள என்னமோ இருக்கு” என்றார். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தாலும் அதே பேச்சு. நான் விதைநெல் என்றேன், அவர் தண்ணீர் என்றார், பக்கத்து வீட்டு தாஹிராவோ, கதையில் வருகிற மருத்துவச்சி பவளாயி தேடுகிற ரெண்டு பிள்ளைகளும் உள்ளேதான் இருக்கும் என்றாள். ஏழு பேரில் பூட்டைத் திறக்கப் போன கொல்லர் மாறப்பனைப் பருந்து கொன்றபோது அவர் ஒரு நாள் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு அவரே ஆஸ்பத்திரியில் படுத்தார். கடைசியாக என் கையைப் பிடித்தார். வீட்டைப் பற்றியோ என்னைப் பற்றியோ சொல்லப்போகிறார் என்று காதைக் கொடுத்தேன். “கதவுக்குள்ள என்னன்னு தெரிஞ்சா வந்து சொல்லு” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

அதற்காக வியாழக்கிழமைதோறும் பத்திரிகை வந்ததும் கல்லறைக்குப் போய் வாசித்தேன். போன வாரம்தான் போகவில்லை. இளவரசன் கதவை ஒரு உதை விட்டான், திறக்கவில்லை, எங்கிருந்தோ சிறகு முளைத்த குதிரை வந்தது, அவனும் இளவரசியும் ஏறிப் பறந்துவிட்டார்கள், சுபம் என்று போட்டுவிட்டீர்கள். பூட்டை உதைத்துத் திறக்கப் பார்ப்பவன் எந்த ஊர் இளவரசன் என்று தெரியவில்லை. மிச்சம் நாலு பேர் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். பவளாயி பிள்ளைகளைக் கண்டாளா என்று ஒரு வார்த்தை இல்லை. குதிரை ரெண்டு பேரைத்தான் தாங்கும் என்றால் இன்னொரு நடை வந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். கல்லறைத் திருநாளுக்குக் கோயிலில் வாசிக்க, இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் பெயரோடு, அவர் துக்கம் காத்த மாறப்பன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். உபதேசியார் செபஸ்தியான் பார்த்துவிட்டு, “இது யாரு அன்னாளம்மா, ஒங்க சொந்தமா?” என்றார்.

“அவருக்கு வேண்டியவரு.”

“எந்த ஊரு?”

“ஊரு எரிஞ்சு போச்சு.”

“ஞானஸ்நானம் வாங்குனவரா?”

“பத்திரிகையில அதைப் போடலையே.”

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எதுக்கும் கேட்டு எழுதுங்க” என்றார். ஆகவே அதையும் தாங்கள் தெரிவிக்க வேண்டும்.

நவம்பர் இரண்டாம் தேதி ஊர்ச்சனம் எல்லாம் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போகும். நான் போகாமல் இருக்க முடியாது. போய் என்ன சொல்வது? குதிரை வந்தது என்றால் அவர் நம்பமாட்டார். ஆகையால் அதற்குள் சுபத்தை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு பக்கமாவது போடவும். உள்ளே ஒன்றுமே இல்லை என்றாலும் பரவாயில்லை, அதையாவது போடவும்.

தங்களுக்கும் அச்சுக்கூடத்தில் உள்ளவர்களுக்கும் மாதாவின் பாதுகாவல் உண்டாகட்டும். கதை எழுதுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்து உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அன்னாள்

பின்குறிப்பு: எழுதித் தபாலில் போடுவதற்குள் திருநாள் வந்து போய்விட்டது. மெழுகுதிரி ஏற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முடிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. “பூட்டு இன்னும் தொறக்கல, பவளாயிதான் பாத்துக்கிட்டு இருக்கா, வார வியாழக்கிழமை வந்து மிச்சத்தைச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வாரா வாரம் அவருக்குச் சொல்ல வேண்டிய கதையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன். ஆகையால் மேலே எழுதியதைத் தள்ளிவிட்டு, கதவை அப்படியே விட்டுவிடவும். உள்ளே என்ன இருக்கிறது என்று தங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.