எங்கள் வீட்டுப் பயணத் தடை

இனி ஓக்லஹோமா மாநிலத்து மண்ணை மிதிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் மட்டுமில்லை, எங்கள் கலிபோர்னியா அரசாங்கமே அப்படித்தான் முடிவு செய்திருந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து குடும்பம் நடத்தினால், அவர்களுக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க மாட்டோம் என்று அங்கே தத்து நிலையங்கள் தாராளமாகச் சொல்லலாமாம். அதற்கு ஒரு சட்டம் வேறு! பதிலுக்கு, அரசுச் செலவில் எந்த ஊழியரும் அங்கே போகக்கூடாது என்று இங்கே உத்தரவு. தலைநகர் சாக்ரமெண்டோவில் அந்தப் பயண விண்ணப்பங்களைப் பார்ப்பது அடியேன், வெண்டல். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்கள் துறை இயக்குநருடையதாகவே இருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

எனக்குச் சொந்தக் கோபமும் இருந்தது. என் மகள் கோரினும் அவள் மனைவி டெஸ்ஸும் இருப்பது அதே ஓக்லஹோமாவில்தான், டல்சா நகரில். ஒரு நிலையம் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டது. கேட்டதும் ரத்தம் கொதித்தது எனக்கு. அப்புறம் வேறொரு நிலையம் ஒரு வயதுப் பெண் குழந்தையைக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை கோர்ட்டில் தத்து உறுதியாகிறது.

"டிக்கெட் பாக்கறேன்" என்றாள் என் மனைவி மர்லீன்.

"தடை இந்த வீட்டுக்கும் உண்டு. என் காலும் போகாது, காசும் போகாது."

"நீ என்ன கவர்னரா?"

"கொள்கை, மர்லீன்."

"உன் கொள்கையை ஊறுகாய் போட்டு வை. நீ வரலைன்னு சட்டம் போட்டவன் அங்க அழுதுட்டு இருக்கானா?"

"எதிர்ப்புன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

"யாருக்கு வலிக்குது? நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பமே இல்லைன்னு அவன் சொல்றான். கோர்ட்டுல அப்பா நாற்காலி காலியா கிடந்தா நீயும் அதையேதான் சொல்ற."

வாதத்தில் தோற்கும்போதெல்லாம் எனக்கு ஆபீஸ் குரல் வந்துவிடும்.

"விதிவிலக்கு வேணும்னா எழுத்துமூலம் விண்ணப்பி" என்றேன்.

என்னை முறைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை என் காபிக்குப் பக்கத்தில் ஒரு படிவம். எங்கள் ஆபீஸ் படிவத்தையே பார்த்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதியிருந்தாள். என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது.

"திரும்பற தேதி எங்க?" திருப்பிக் கொடுத்தேன். எழுதினாள்.

"தங்கற இடம்?" எழுதினாள்.

"இதே காரியத்தை வேற மாநிலத்துல ஏன் முடிச்சுக்க முடியாது?"

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'அந்தக் குழந்தை வேறெங்கும் இல்லை.'

அதை இரண்டு தரம் படித்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.

"அரசாங்கத்துக்கும் இரக்கம் உண்டு" என்றேன். "போயிட்டு வா. நான் இங்கேயே போராட்டத்தைத் தொடர்றேன்."

"நான் மட்டும் போறேன்னு யார் சொன்னா? பேரைப் பாரு."

பயணிகள் இருவர். முதல் பெயர் என்னுடையது. இத்தனை வருஷமாகக் கட்டங்களைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, எந்த விண்ணப்பத்திலும் பெயரைப் படித்ததில்லை.

"இது செல்லாது. தனக்குத் தானே ஒப்புதல் போடறது விதிமீறல். நான் மேல்முறையீடு பண்ணுவேன்."

"விமானத்துல உட்கார்ந்து பண்ணு. உன் பெட்டி நேத்தே கார்ல ஏறிடுச்சு."