பச்சை லைட் எரியுது

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பிரச்சினையே.

மாடியில் எட்டு சோலார் பேனல்கள் உச்சி வெயிலில் பளபளவென்று மல்லாந்து கிடந்தன. கீழே வாசல் சுவரில் இருந்த மின்சார மீட்டரோ, இந்த விஷயத்தைத் தன்னிடம் யாரும் சொல்லவே இல்லை என்பதுபோலப் பழைய வேகத்திலேயே எண்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முக்கால் மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்தார் ஸ்டோர் கீப்பர்.

"ஏங்க, முறைச்சா நின்னுடுமா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். தையல் மெஷினின் மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தவேண்டியிருந்தது.

"யாரோ எடுக்கறாங்க."

"எதை?"

"யூனிட்டை! மேலே வெயில் கொட்டுது. கீழே கணக்குல வரல. நடுவுல எவனோ எடுக்கறான்."

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருஷமாக உதிரி பாகங்களைக் காவல் காக்கிறவர். ஒரு நட்டு குறைந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவார். ஒரு பொருள் குறைகிறது என்றால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: எவனோ கை வைத்திருக்கிறான். வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்.

அந்த எட்டுப் பேனலும் சும்மா வந்துவிடவில்லை. மாடியில் தையலுக்கென்று ஒரு தனி அறை கட்டுவதற்காக அவர் மனைவி ஒன்பது வருஷம் ஊசியும் நூலுமாகச் சேர்த்த பணம் அது. அறையின் படத்தைக்கூடத் துணி வெட்டும் காக்கித்தாளில் அளவோடு வரைந்து, மடித்து, பீரோவில் வைத்திருந்தாள். இரண்டு ஜன்னல், ஒரு நீள மேஜை. அந்தப் பணத்தைத்தான், "ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் கரண்ட் பில் கிடையாது" என்று பேசிப் பேசி அவர் வாங்கிவிட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னாள். கல்லூரியில் படிக்கும் மகள் எழுதினாள்: 'பேனல் போட்ட பிறகு வரும் இரண்டாவது மாதப் பில் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதுவும் பேனல் தரும் மின்சாரத்தால் மட்டுமே அப்படி ஆகியிருக்க வேண்டும். தவறினால் பேனல்களை விற்று, மீதிக்கு அப்பா லோன் போட்டு, தையல் அறை கட்டித் தருவார்.'

"அப்பா, இந்த ரெண்டாவது வரி எதுக்கு? அம்மா கேக்கவே இல்லையே."

"உனக்குத் தெரியாது. நாளைக்கு உங்கம்மா, 'நான் சிக்கனமா இருந்தேன், அதான் குறைஞ்சுது'ன்னு பேரைத் தட்டிட்டுப் போயிடுவா. பேரு சூரியனுக்குத்தான் வரணும்" என்று சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

பேனல் மாட்டிய சோலார்க்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் வாய் ஓயாதவர். வேலை செய்த மூன்று நாளும், "சார், பேட்டரியும் சேர்த்துப் போட்டுடுங்க" என்று ஸ்டோர் கீப்பரின் காதைக் குடைந்து எடுத்துவிட்டார். கடைசி நாள், மாடிப்படிக்குக் கீழே மாட்டிய பெட்டியில் குட்டியாக ஒரு பச்சை லைட் எரிந்ததும் ஸ்டோர் கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை.

"லைட் எரியுது! ஆச்சு, கிளம்புங்க."

"சார், இன்னொரு விஷயம்..."

"பேட்டரி வேண்டாம்னு சொல்லிட்டேன்ல?"

"அது இல்ல சார், இந்த..."

"எது இல்லையோ அதுவும் வேண்டாம்" என்று அவரை வாசலுக்கு வெளியே விட்டுக் கேட்டைச் சாத்தினார். கையோடு அவருடைய நம்பரை, 'பேட்டரி - எடுக்காதே' என்ற பெயரில் போனில் பதிந்துகொண்டார். வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. அந்த நம்பர் தினமும் இரண்டு வேளை அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

சரி, யூனிட்டை யார் எடுப்பது?

முதல் சந்தேகம் தூசி மேல் விழுந்தது. காலையும் மாலையும் பேனல்களைக் குளிப்பாட்டத் தொடங்கினார். சோப்பு, பஞ்சு, இரண்டு அலசல். மகளுக்குக்கூட சின்ன வயதில் அப்படித் தேய்த்துவிட்டதில்லை. தொட்டித் தண்ணீர் ஒரே நாளில் தீர்ந்தது. மோட்டார் நாளுக்கு மூன்று தடவை ஓடியது. மீட்டர் இன்னும் வேகம் பிடித்தது.

அடுத்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். தங்கமான மனுஷர்.

"சார், உங்க தொட்டி நிழல் என் கடைசிப் பேனல் மேல விழுது. ஒரு மாடி கீழே இறக்கி வச்சா புண்ணியமாப் போகும்" என்று போய்க் கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

"அதுக்கென்ன, இறக்கிட்டாப் போச்சு. நாட்டுக்கு நல்லதுதானே" என்று ஹெட்மாஸ்டர் அந்த வாரமே இறக்கிவிட்டார். இறக்கின பிறகுதான் தெரிந்தது, மேல்மாடிக் குளியலறைக்குத் தண்ணீர் ஏறவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோளில் துண்டும் கையில் சோப்பு டப்பாவுமாக ஸ்டோர் கீப்பர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்காக இறக்கினது. இனிமே குளியல் இங்கதான். வெந்நீர் வருமில்ல? சோலார்தானே, ஓசிதானே!"

ஹீட்டர் தினமும் நாற்பது நிமிஷம் ஓடியது. வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

மூன்றாவது சந்தேகம் பறவைகள். அவை பேனல் மேல் உட்கார்ந்து செய்கிற காரியத்தைத் தடுக்க, டிப்போவின் பழைய சீருடையில் வைக்கோல் திணித்து, தலைக்கு ஒரு சட்டியைக் கவிழ்த்து, மாடியில் நிறுத்தினார். பொம்மை தத்ரூபமாக அமைந்துவிட்டது. பறவைகள் பயப்படவில்லை. அந்த வழியாகக் காரில் போன டிப்போ மேனேஜர்தான் பார்த்துவிட்டார். 'பணி நேரத்தில் தங்கள் வீட்டு மாடியில் வேடிக்கை பார்த்து நின்றமைக்கு விளக்கம் தரவும்' என்று மெமோ வந்தது.

"சார், அது நான் இல்ல சார், பொம்மை!"

"நான் கை காட்டினேன். நீ மதிக்கவே இல்ல. அதான் எனக்கு வருத்தம்" என்றார் மேனேஜர்.

முதல் பில் வந்தது. பேனல் போடுவதற்கு முன்பு கட்டியதைவிட ஒன்றேகால் மடங்கு.

மனைவி பில்லைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து காக்கித்தாளை எடுத்து, விரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஸ்டோர் கீப்பருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பயமாக இருந்தது. பேனல் போனால் போகட்டும், இனி இந்த வீட்டில் தான் வாயைத் திறந்தால் யார் காது கொடுப்பார்கள்?

அப்போதுதான் அவருக்குள் இருந்த நிஜமான ஸ்டோர் கீப்பர் விழித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டேன்! வெளியில எவனும் எடுக்கல. எடுக்கறது நாமதான்! பாவம், பேனல் ஒரு பக்கம் ஊத்துது, நாம ஒரு பக்கம் உறிஞ்சறோம். அப்புறம் எப்படி மிஞ்சும்?" என்று குடும்பத்தைக் கூட்டி அறிவித்தார்.

"உறிஞ்சறதுக்குத்தானேப்பா பேனல் போட்டோம்?" என்றாள் மகள்.

"குறுக்கே பேசாதே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் சீட்டு. டிப்போவில் உள்ள அதே முறை. என்ன வேண்டும், எதற்கு, எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்தால் அவர் பார்த்து அனுமதிப்பார். மகள் ஒரு மணி நேரம் ஃபேன் கேட்டு எழுதினாள். 'பத்து நிமிடம். ஜன்னல் இருப்பில் உள்ளது' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பினார். பிறகு அவள் எழுதவே இல்லை. கல்லூரி நூலகம் மூடும்வரை அங்கேயே படித்தாள். போனுக்கும் டார்ச்சுக்கும் டிப்போவில் சார்ஜ். ஃபிரிட்ஜ் துணி வைக்கும் அலமாரியானது. ஹெட்மாஸ்டரின் வெந்நீர்ச் சீட்டு, 'கோடைக்காலம்' என்ற ஒரே சொல்லோடு திரும்பிப் போனது. அவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே, "தொழில்நுட்பம் எங்கேயோ போயிட்டுது" என்றார்.

மனைவி மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தாள். நாளுக்கு எட்டு உருப்படி தைத்தவள் மூன்றுதான் தைத்தாள். மாத நடுவில் அவளுடைய கணுக்கால் வீங்கியிருந்ததை ஸ்டோர் கீப்பர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. எண்ணெய் எடுத்து வந்து தேய்த்துவிட்டார்.

"வலிக்குதா?"

"வலிக்குது. இன்னும் எத்தனை நாள்?"

"பதிமூணு நாள். பொறுத்துக்கோ. அப்புறம் ஆயுசுக்கும் ஓசி."

"ஆயுசுக்கும் இப்படியேவா?"

எழுந்துபோய்ப் பச்சை லைட்டைப் பார்த்துவிட்டு வந்தார். தினமும் நாலு தடவையாவது அதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்த வீட்டில் அப்போது எரிந்த ஒரே விளக்கு அதுதான்.

பதிமூன்று நாள் கழித்து மின்வாரிய ஊழியர் வந்தார். மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் சார், குடும்பத்தோட வெளியூர் போயிருந்தீங்களா?"

"இங்கதான் இருந்தோம்."

"மூணே மூணு யூனிட்தான் ஓடியிருக்கு. பூட்டின வீட்டுலகூட இதைவிட அதிகமா ஓடும். இவ்வளவு கம்மிக்கெல்லாம் பணம் கிடையாது சார்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கட்டவேண்டிய தொகை: பூஜ்யம்.

ஸ்டோர் கீப்பர் தரையில் நிற்கவில்லை. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருவில் ஆறு வீடு ஏறி இறங்கினார். டிப்போவுக்கு லீவ் சொன்னார். பொம்மைக்குக்கூடச் சீட்டைக் காட்டியதாக மகள் சொல்கிறாள். குளித்துவிட்டு வந்த ஹெட்மாஸ்டர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம்! நானும் பேனல் போடறேன். மாட்டினது யாரு?"

"பெட்டி மேல நம்பர் ஒட்டியிருக்கு. ஆனா ஜாக்கிரதை சார், பேட்டரி பேட்டரின்னு உயிரை எடுத்துடுவான்."

ஹெட்மாஸ்டர் நம்பரைக் குறித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். சோலார்க்காரர் அடுத்த தெருவில்தான் வேலையில் இருக்கிறாராம், உடனே வருகிறாராம்.

உள்ளே மனைவி பீரோவிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வந்தாள். ஒன்று காக்கித்தாள். இன்னொன்று ஒப்பந்தம்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்று காக்கித்தாளை அவர் கையில் கொடுத்தாள். "இதைக் கிழிச்சுடுங்க. என்னால முடியல."

அவருக்கு ஒரு நிமிஷம் என்னவோபோல் ஆகிவிட்டது. கிழிக்காமல் நின்றார்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்று மகள் ஒப்பந்தத்தை விரித்தாள். "ரெண்டாவது வரி. 'பேனல் தரும் மின்சாரத்தால் மட்டுமே.' நாமதான் ரெண்டு மாசத்துல ஒரு மாசம் பூரா இருட்டுல உக்காந்திருந்தோமே? பில் குறைஞ்சது பேனலாலன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எப்படியா?" ஸ்டோர் கீப்பருக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரையும் மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனார். "இதோ பாரு, பச்சை லைட்! மாட்டின நாள்லேர்ந்து ஒரு நிமிஷம் அணைஞ்சிருக்கா? மேலேர்ந்து கரண்ட் வராம இது எப்படி எரியும்? சொல்லு, எப்படி எரியும்?"

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த சோலார்க்காரர், ஒரு கையில் டூல்ஸ் பையும் மறு கையில் சுருட்டிய ஒயருமாக அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"அது உங்க வீட்டு மெயின் கரண்ட்லதான் சார் எரியுது. பேனல் ஒயரை இந்தப் பெட்டியில மாட்டத்தான் ரெண்டு மாசமா தினம் ரெண்டு வேளை போன் பண்றேன், நீங்க எடுத்தாத்தானே!"